பழைய எஸ்.யூ.வி-யைக் கொடுத்துவிட்டுப் புதுசுக்கு மாறலாமா? ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு!

எட்டு, ஒன்பது வருடம் ஓடிய எஸ்.யூ.வி வாசலில் நிற்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இதுதான்: ``புது மாடல் வந்துடுச்சே, மாத்திடலாமா?'' பிள்ளைகளுக்குப் பெரிய சன்ரூஃப் வேண்டும். அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் கியர் மேல் ஒரு கண். அம்மாவுக்கு, போன தடவை சர்வீஸ் சென்டரில் கட்டிய பில் இன்னும் மறக்கவில்லை. தாத்தாவோ, ``நல்லா ஓடுற வண்டியை எதுக்குய்யா கொடுக்கணும்?'' என்கிறார். எல்லோர் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதால்தான் இந்த முடிவு மாதக்கணக்கில் இழுக்கிறது.

இதைப் பேச ஹூண்டாய் கிரெட்டா நல்ல உதாரணம். சென்னைக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் இந்த வண்டி, இந்தியாவில் 2015 ஜூலையில் அறிமுகமானது. இரண்டாம் தலைமுறை 2020 மார்ச்சில் வந்தது. அதே தலைமுறையை முகம் மாற்றி, இன்ஜினையும் வசதிகளையும் கூட்டி 2024 ஜனவரியில் மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். 2024 பிப்ரவரிக்குள் இந்தியாவில் மட்டும் 10 லட்சம் கிரெட்டாக்கள் விற்றுவிட்டன. முதல் தலைமுறை வண்டியில் கடைசியாக விற்றவற்றுக்கே இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. அந்த வீடுகளில்தான் இப்போது இந்தப் பேச்சு. வேறு கம்பெனி எஸ்.யூ.வி வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ள கணக்கு பொருந்தும்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

`புதுசு பழசைவிட நல்லா இருக்கா?' என்று கேட்டால், பதில் எப்போதும் `ஆமாம்'தான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: `நம் வண்டியில் இல்லாத, வெளியில் வாங்கிப் பொருத்தவும் முடியாத, ஆனால் நம் குடும்பத்துக்குத் தேவையான விஷயம் புதுசில் என்ன இருக்கிறது?'

ஒரு பேப்பரில் நடுவே கோடு போட்டு இரண்டு லிஸ்ட் எழுதுங்கள். ஒரு பக்கம், பழைய வண்டியிலேயே பொருத்திக்கொள்ளக் கூடியவை. பெரிய டச் ஸ்க்ரீன், ரிவர்ஸ் கேமரா, நல்ல ஸ்பீக்கர், டயரில் காற்று குறைந்தால் சொல்லும் சென்சார், டேஷ் கேமரா எல்லாம் இந்தப் பக்கம் வரும். இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு புது வண்டியின் சில மாத இ.எம்.ஐ-க்குள் முடிந்துவிடும். 

இன்னொரு பக்கம், எத்தனை பணம் கொடுத்தாலும் பிறகு பொருத்த முடியாதவை. வண்டியின் பாடி கட்டமைப்பு, ஏர்பேக், திருப்பத்தில் வண்டி வழுக்கும்போது பிரேக்கைத் தானே கையாண்டு நேராக்கும் இ.எஸ்.சி, குழந்தை சீட்டை இறுக்கமாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, பின் சீட்டின் நடுவில் உட்காருபவருக்கும் தோளோடு சேர்த்து வரும் மூன்று முனை சீட் பெல்ட் ஆகியவை இந்தப் பக்கம் வரும்.

ஷோரூமில் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் பக்கம்தான். பனோரமிக் சன்ரூஃப், குளுகுளு சீட், நீளமான ஸ்க்ரீன் எல்லாவற்றையும் விற்பனையாளர் முதல் ஐந்து நிமிடத்திலேயே காட்டிவிடுவார். இதில் சன்ரூஃப் போன்ற சிலவற்றைப் பழைய வண்டியில் பொருத்த முடியாது என்பது உண்மை. ஆனால், அது இல்லாமல் குடும்பம் இத்தனை வருடம் சௌகர்யமாகவே போய்வந்திருக்கிறது. வண்டியை மாற்றலாமா என்பதை இரண்டாம் பக்க லிஸ்ட்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே பெயர், வேறு வண்டி

தலைமுறை மாறினால் பாதுகாப்பு எவ்வளவு மாறும் என்பதற்கு மஹிந்திரா ஸ்கார்ப்பியோ ஓர் உதாரணம். 2016-ல் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவை மோதவைத்துச் சோதித்தபோது, பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார் கிடைத்தது. 2022-ல் வந்த ஸ்கார்ப்பியோ என், அதே ஆண்டு டிசம்பரில் அதே அமைப்பிடம், முன்பைவிடக் கடுமையான விதிகளின்படி நடந்த சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்பில் 3 ஸ்டார். பழைய ஸ்கார்ப்பியோவின் ஏர்பேக் இல்லாத வேரியன்ட்டை ஓட்டும் குடும்பத்துக்கு, இந்த மாற்றம் சன்ரூஃப் போன்ற ஆசை சமாசாரம் இல்லை.

ஆனால், புதுத் தலைமுறை என்றாலே 5 ஸ்டார் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் தலைமுறை கிரெட்டாவை, இரண்டு ஏர்பேக் இருந்த வேரியன்ட்டில் குளோபல் என்கேப் சோதித்து, 2022 ஏப்ரலில் முடிவை வெளியிட்டது. பெரியவர்களுக்கு 3 ஸ்டார், குழந்தைகளுக்கு 3 ஸ்டார். வண்டியின் பாடி, மோதலைத் தாங்குவதில் நிலையாக இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. அதன் பிறகு 2023-ல் ஹூண்டாய், தன் எல்லா மாடல்களிலும் 6 ஏர்பேக்கை அடிப்படை வேரியன்ட்டிலிருந்தே கொடுக்கத் தொடங்கியது. 2024 கிரெட்டாவில் 6 ஏர்பேக், இ.எஸ்.சி, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், எல்லா சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட் ஆகியவை ஆரம்ப வேரியன்ட்டிலேயே வந்துவிடுகின்றன.

இதிலிருந்து தெரிவது, ஒரே தலைமுறைக்குள்ளும் 2021-ல் செய்த வண்டியும் 2024-ல் செய்த வண்டியும் ஒன்றல்ல என்பதுதான். எனவே மாடல் பெயரோடு நிறுத்தாமல், தயாரிப்பு வருடத்தையும் வேரியன்ட்டையும் கேட்டு வாங்குங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. அது கட்டாயம் இல்லை. கம்பெனி விருப்பப்பட்டு வண்டியைக் கொடுத்தால்தான் சோதிப்பார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

பழைய வண்டி என்பதாலேயே அதில் பாதுகாப்பு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. முதல் தலைமுறை கிரெட்டாவின் உச்ச வேரியன்ட்டிலேயே 6 ஏர்பேக் இருந்தது. எத்தனையோ பேருக்குத் தங்கள் வண்டியில் எத்தனை ஏர்பேக் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

ஸ்டீயரிங், எதிரே உள்ள டேஷ்போர்டு, முன் சீட்டின் வெளிப்பக்க ஓரம், கதவுக்கு மேலே கூரையை ஒட்டிய தூண் ஆகிய இடங்களில் `ஏர்பேக்' என்று சின்னதாகப் பொறித்திருப்பார்கள். அதை எண்ணுங்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டரில் கார் வழுக்குவதுபோல ஒரு படம் எரிந்து அணைந்தால், இ.எஸ்.சி இருக்கிறது. பின் சீட்டில் சாய்மானமும் உட்காரும் இடமும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்புக் கொக்கி தட்டுப்படுகிறதா பாருங்கள். தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ் உண்டு. நடு சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தானா, தோள் பெல்ட்டும் இருக்கிறதா?

இங்கே ஒரு ரூபாய் செலவில்லாத பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனாலும் அதே 1,000 ரூபாய். பெல்ட் கொக்கி குத்துகிறது என்று சீட் கவருக்கு அடியில் தள்ளிவிட்ட வீடுகள் ஏராளம். முன் சீட்டின் ஓரத்திலிருந்து ஏர்பேக் விரியும் வண்டியில் தடிமனான சீட் கவர் போட்டால், ஏர்பேக் சரியாக விரியாது. முன்னால் போடும் இரும்பு புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் 6 ஏர்பேக் வண்டிக்கு மாறினால், கொடுத்த பணத்தில் பாதி வீண்.

இடம் கூடுமா?

``பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, பின்னாடி இடிக்குது'' என்பது வண்டி மாற்றச் சொல்லப்படும் முக்கியமான காரணம். இந்தக் காரணத்துக்கு அளவு டேப் எடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் தலைமுறை கிரெட்டாவின் நீளம் 4,270 மி.மீ. 2024 கிரெட்டா 4,330 மி.மீ. கூடியது 60 மி.மீ. உள்ளே கால் நீட்டும் இடத்தைப் பெருமளவு தீர்மானிப்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள வீல்பேஸ். அது 2,590 மி.மீட்டரிலிருந்து 2,610 ஆகியிருக்கிறது. கூடியது 20 மி.மீ., அதாவது ஒரு கட்டைவிரல் அகலம். வண்டியின் அகலம் 1,780-லிருந்து 1,790. அது வெறும் 10 மி.மீ. சீட் வடிவமைப்பால் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். ஆனால், பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் பிரச்னை, அதே மாடலின் அடுத்த தலைமுறையால் தீராது.

வீட்டில் தாத்தா, பாட்டியோடு சேர்த்து ஆறு பேர் ஆகிவிட்டீர்கள் என்றால், உங்களுக்குத் தேவை மூன்று வரிசை வண்டி. அது வேறு மாடல், வேறு பட்ஜெட். அதே மாடலின் புதுசை வாங்கிவிட்டு, பிறகும் ஊருக்குப் போக வாடகைக்கு இன்னோவா பிடிக்கும் நிலை வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஓட்டுபவர் மட்டும் போனால் போதாது. பாட்டியை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட் உயரம் முட்டிக்கு ஒத்துவருகிறதா? பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகளைப் பின்னால் உட்கார வையுங்கள். முடிந்தால் வண்டியை உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லி, வீட்டு கேட்டுக்குள் விட்டுப் பாருங்கள். கதவு திறக்க இடம் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

மைலேஜில் மிச்சம் பிடிக்க முடியுமா?

``புது இன்ஜின், மைலேஜ் அதிகம். பெட்ரோல்லயே காசு மிச்சம்'' என்பதும் அடிக்கடி காதில் விழும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி சொல்லும் அதிகாரபூர்வ மைலேஜ்படி, 2015-ல் வந்த 1.6 பெட்ரோல் மேனுவல் லிட்டருக்கு 15.29 கி.மீ. 2024-ன் 1.5 பெட்ரோல் மேனுவல் 17.4 கி.மீ. வருடத்துக்கு 10,000 கி.மீ ஓட்டினால், பழசுக்கு சுமார் 654 லிட்டர், புதுசுக்கு சுமார் 575 லிட்டர் வேண்டும். மிச்சம் 79 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 7,900 ரூபாய்.

சாலையில் கிடைக்கும் மைலேஜ் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதே அளவில்தான் வரும். பத்து வருடம் ஓட்டினாலும் மிச்சம் 80,000 ரூபாயைத் தொடாது. மைலேஜுக்காக வண்டி மாற்றுவது, வட்டிக்குக் கடன் வாங்கி உண்டியலில் போடுவதுபோலத்தான்.

ஆன்ரோடு அதிர்ச்சி

இப்போது பெரிய கணக்கு. ஒரு நல்ல செய்தியோடு தொடங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி மாறியதில், கிரெட்டா ரக வண்டிகளுக்கு 28 சதவிகித வரியும் 17 சதவிகித செஸ்ஸும் சேர்ந்து 45 ஆக இருந்தது, 40 சதவிகிதமாகக் குறைந்தது. ஷோரூம் விலை இறங்கியது உண்மை.

ஆனால், தமிழ்நாட்டில் வண்டி மாற்றுபவர்கள் மறக்கும் ஒரு விஷயம் சாலை வரி. 2023 நவம்பர் வரை 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 15 சதவிகிதமாக இருந்தது. இப்போது 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவிகிதம். பழைய வண்டிக்கு நீங்கள் கட்டிய ஆயுட்கால வரி அந்த வண்டியோடு போய்விடும். புதுசுக்கு முதலிலிருந்து கட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு, ஷோரூம் விலை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சாலை வரி 2,70,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் 60,000 என்று வைத்தால் 18,30,000. 10 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவிகித டி.சி.எஸ்-ஸும் பிடிப்பார்கள். 15,000 ரூபாயான அதை வருமான வரி தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம் என்பதால் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய வண்டிக்கு 6 லட்சம் கிடைத்தால், கையிலிருந்து போக வேண்டியது 12,30,000 ரூபாய். ஷோரூம் விலையிலிருந்து பழைய வண்டி விலையைக் கழித்து `9 லட்சம்தானே' என்று மனதில் போட்ட கணக்குக்கும், நிஜத்துக்கும் 3,30,000 ரூபாய் வித்தியாசம்.

இதில் 10 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் கடன் வாங்கினால், ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 20,760 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,45,000. அதையே ஏழு வருடமாக நீட்டினால் மாதம் சுமார் 16,090 என்று குறையும். ஆனால், வட்டி 3,51,000-ஐத் தாண்டிவிடும். மகளோ மகனோ கல்லூரிக்குப் போகும் வருடம் இந்த ஐந்து, ஏழு வருடங்களுக்குள் வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். வருகிறது என்றால், வண்டி இ.எம்.ஐ-யும் காலேஜ் ஃபீஸும் ஒரே மாதத்தில் கதவைத் தட்டும்.

வேரியன்ட் தேர்வு செய்யும்போது இன்னொரு எல்லைக்கோட்டையும் பாருங்கள். 20 லட்சத்துக்குச் சரியாக நிற்கும் வண்டிக்கு 18 சதவிகிதப்படி வரி 3,60,000. அதுவே 20,20,000 என்றால், 20 சதவிகிதப்படி 4,04,000. விலையில் கூடிய 20,000-க்காக வரியில் 44,000 கூடுகிறது.

பழைய வண்டிக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

ஒரு லட்சம் கி.மீ-ஐ நெருங்கும் வண்டியில் சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், கிளட்ச், டயர், பேட்டரி எல்லாம் அடுத்தடுத்துச் செலவு வைக்கும். அந்த பில்லைப் பார்த்த கோபத்தில் புது வண்டி புக் செய்பவர்கள் உண்டு. நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டி, அடுத்த இரண்டு வருடத்துக்கு என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மொத்தம் ஒரு லட்சம் என்றே வரட்டும். அது மேலே பார்த்த கடனின் ஐந்து மாத இ.எம்.ஐ. ஒரு லட்சம் செலவழித்து, வண்டி இன்னும் மூன்று வருடம் ஓடினால் லாபம் உங்களுக்குத்தான்.

சில செலவுகள் மட்டும் வேறு ரகம். பெரிய விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த பாடி, கடலோர ஊர்களில் அடிப்பக்கம் பிடிக்கும் துரு, ஒரு தடவை சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்ப வரும் கியர்பாக்ஸ் கோளாறு, விரிய வேண்டிய நேரத்தில் விரியுமா என்று சந்தேகம் தரும், அணையாமல் எரியும் ஏர்பேக் விளக்கு. இவை இருந்தால் செலவுக் கணக்கை மூடிவிட்டு, வண்டியை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

பயமுறுத்தும் இரண்டு பேச்சுகள்

`டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான் ஆயுசு' என்ற பேச்சை நம்பி அவசரமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். 10 வருடக் கெடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்காக வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு, பெட்ரோலோ டீசலோ, 15 வருடம் செல்லும். அதன் பிறகும் தகுதிச் சோதனை முடித்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

இரண்டாவது, `20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுத்துவிடும்' என்பது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த பல வண்டிகள் இதற்கென வடிவமைக்கப்படவில்லை என்பது சரிதான். அப்படிப்பட்ட வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவிகிதம் வரை குறையலாம் என்றும், சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்றும் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. சர்வீஸில் எரிபொருள் குழாய், கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக மட்டும் 12 லட்சம் செலவழிக்கத் தேவையில்லை.

நடுவில் ஒரு வழி

பழசா, புதுசா என்ற இரண்டுக்கும் நடுவே, இரண்டு மூன்று வருடம் ஓடிய புதுத் தலைமுறை வண்டி என்ற வழியும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டி மதிப்பைக் கணக்கிடும் முறைப்படி, இரண்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவிகிதம் தேய்மானம். சந்தை விலை அப்படியே இறங்காது என்றாலும், முதல் சில வருடத்தின் சரிவை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டுவிடுவார். தமிழ்நாட்டில் பதிவான வண்டி என்றால், அந்தப் பெரிய ஆயுட்கால வரியையும் அவரே கட்டிவிட்டார். வெளி மாநில வண்டி என்றால் வரி உங்கள் தலையில் விழும். விலை மலிவாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

இதில் கவனம் முழுக்க வேரியன்ட்டில் இருக்க வேண்டும். 2020 முதல் 2022 வரை வந்த கிரெட்டாவின் கீழ் வேரியன்ட்களில் இரண்டு ஏர்பேக்தான். உங்கள் பழைய வண்டி 6 ஏர்பேக் உள்ள உச்ச வேரியன்ட்டாக இருந்தால், தலைமுறை ஏறி, பாதுகாப்பில் இறங்கியதாக ஆகிவிடும்.

விற்கும்போது இந்த நான்கும் முக்கியம்

ஒன்று, புது வண்டியின் தள்ளுபடியையும் பழைய வண்டியின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று ஒரு கையில் கொடுத்துவிட்டு, பழைய வண்டி விலையில் மறு கையால் எடுத்துக்கொள்வது நடக்கும். வெளியே இரண்டு இடத்திலாவது விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டு, க்ளெய்ம் வாங்காமல் சேர்த்த என்.சி.பி தள்ளுபடி உங்களுடையது, வண்டியுடையது இல்லை. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் வண்டிக்கான இன்ஷூரன்ஸ் பகுதியில் 50 சதவிகிதம் வரை குறையும். பழைய பாலிசி கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றுங்கள். மூன்று வருடம் வரை செல்லும்.

மூன்று, பழைய வண்டிக் கடன் முடிந்திருந்தாலும், ஆர்.சி-யில் வங்கியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி நீக்க வேண்டும்.

நான்கு, படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. ஆர்.சி-யில் பெயர் மாறும்வரை, சட்டப்படி ஓனர் நீங்கள்தான். விற்ற பிறகு விபத்து நடந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி-யின் நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள். பழைய ஃபாஸ்டேகையும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

அப்போ, மாத்தலாமா... வேண்டாமா?

உங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை அல்லது இரண்டு மட்டும்தான், இ.எஸ்.சி இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது நான்கு வழிச் சாலையில் நூறில் ஊருக்குப் போகிறீர்கள். இ.எம்.ஐ கட்டினாலும் பிள்ளைகளின் படிப்புக்கும் அவசரத்துக்கும் வைத்த பணத்தைத் தொட வேண்டியதில்லை. இந்த நான்கும் பொருந்தினால், தள்ளிப்போட வேண்டாம். புதுசோ, கொஞ்சம் ஓடியதோ, 6 ஏர்பேக்கும் இ.எஸ்.சி-யும் உள்ள வேரியன்ட்டைப் பாருங்கள். சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை. முன்னால் போகும் வண்டியில் மோதாமல் தானே பிரேக் போடும் அடாஸ் வசதி, கிரெட்டாவில் மேல் வேரியன்ட்களில் மட்டும் கிடைக்கிறது. நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஊருக்குள் ஸ்கூல், கடை, கோயில் என்று மட்டுமே ஓடும் வண்டிக்கு அது அவசியம் இல்லை.

உங்கள் வண்டியிலேயே 6 ஏர்பேக்கும் இ.எஸ்.சி-யும் இருந்து, இன்ஜினும் பாடியும் ஆரோக்கியமாக இருந்தால், நல்ல டயரும் புது பேட்டரியும் ஒரு டச் ஸ்க்ரீனும் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுங்கள். மாதாமாதம் கட்டியிருக்க வேண்டிய 20,000 ரூபாயை ஆர்.டி-யில் போட்டால், மூன்று வருடத்தில் வட்டி இல்லாமலே 7,20,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அப்போது வாங்கும் வண்டிக்குக் கடன் பாதியாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறீர்களா? புக் செய்வதற்கு முன் மூன்று மாதம், அந்த இ.எம்.ஐ தொகையை மாதம் பிறந்ததும் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். மூன்றாவது மாதக் கடைசியில், அந்தக் கணக்கில் கை வைக்காமல் இருக்க முடிந்ததா என்பதே உங்களுக்கான பதில்.